ப்ர்னோவிலிருந்து அக்கா

ப்ர்னோ, செக் குடியரசு

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். குளிர் இன்னும் விட்டபாடில்லை. இங்குள்ள ஜிப்ஸிகளும் நம்மூர் நரிக்குறவரும் ஒரே கூட்டமா என்று அப்பா கேட்டிருந்தாராமே. இல்லை. நரிக்குறவர் பேசும் வாக்ரிபோலியும் இவர்கள் பேசும் ரோமானியும் இந்தோ-ஆரிய மொழிகள், அவ்வளவுதான். இவர்களை ரோமா என்றே சொல்லச் சொல். ஜிப்ஸி என்பதற்குச் செக் மொழியில் உள்ள 'சிகான்' என்ற சொல் வசவாகத்தான் காதில் விழும்.

நீ மொழியியல் படிக்கிறவன், உனக்கு எண்களே போதும். யெக், துய், த்ரின், ஷ்தார், பாஞ்ச், ஷோவ்: ஆறு வரை இந்தியா. எஃப்தா, ஒக்தோ, எஞா மூன்றும் கிரேக்கம். பத்துக்கு மறுபடி நம் பக்கத்து 'தேஷ்'. கிரேக்கம் பேசிய பைசாந்தியப் பேரரசில் தலைமுறைகளாகத் தங்கியதன் தடம்தான் அந்தக் கிரேக்க எண்கள். வேற்றுமை உருபு உனக்குச் சுலபம். சகோதரன் 'ப்ரால்'. 'ப்ரலேஸ்' என்று திரிந்து, அதன்மேல் உருபு ஏறி 'ப்ரலேஸ்கே' என்றால் சகோதரனுக்கு. நம் மரம், மரத்து, மரத்துக்கு மாதிரிதான். உயிருள்ளதற்குத்தான் இரண்டாம் வேற்றுமையில் வடிவம் மாறும். வீட்டைப் பார்த்தாலும் 'வீடு' அப்படியே நிற்கும்.

நாம் சறுக்குவது மூச்சொலியில். மூச்சோடு சொன்ன 'கேர்' வீடு, மூச்சில்லாத 'கேர்' செய் என்ற ஏவல். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும், நாகரியில் குறித்துக்கொள். 'ப்ரால்' சொல்லும்போதும் பகரத்தோடு மூச்சு வேண்டும், ஃப ஆக்கிவிடாதே.

இங்கே காதில் விழும் ரோமானி பெரும்பாலும் கிழக்கு ஸ்லோவாக்கிய வழக்கு. இரண்டாம் உலகப் போருக்கு முன் இந்த மண்ணில் இருந்த ரோமாவில் பெரும்பாலோரை நாஜிகள் அழித்தார்கள். பலர் இங்கேயே லெட்டி, ஹோதோனின் என்ற இரண்டு ஊர்களில் இருந்த முகாம்கள் வழியாக ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டவர்கள். அவர்கள் பேச்சும் அவர்களோடு போயிற்று. போருக்குப் பின் ஸ்லோவாக்கியாவிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் மொழிதான் இப்போது இருப்பது. அதையும் கம்யூனிஸ்ட் ஆட்சி விட்டுவைக்கவில்லை. 1958-இல் நாடோடி வாழ்வைச் சட்டம் தடுத்தது. பிள்ளைகளோடு வீட்டிலும் செக்கிலேயே பேசுங்கள் என்று பெற்றோருக்குச் சொல்லப்பட்டது. சொன்னபடி செய்தவர்களின் பிள்ளைகள் பேசியது, சொல்லெல்லாம் செக்காகவும் வாக்கியக் கட்டு ரோமானியாகவும் இருந்த ஒரு பேச்சு. ஆசிரியர் காதுக்கு அது தப்பான செக். இந்தப் பேச்சையும் மந்தபுத்தியின் அடையாளமாக எண்ணி, அந்தப் பிள்ளைகளை அறிவு வளர்ச்சி குன்றியவர்களுக்கான பள்ளிகளில் தள்ளினார்கள். ஒஸ்ட்ராவா நகரைச் சேர்ந்த 18 ரோமா பிள்ளைகளின் வழக்கில், இது பாகுபாடு என்று 2007 நவம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. என்னைக் கேட்டால், நாற்பது வருஷம் தாமதம்.

பிராட்டிஸ்லாவ்ஸ்கா தெருவில் ரோமா பண்பாட்டு அருங்காட்சியகம் இருக்கிறது, 1991-இல் தொடங்கியது. நீ வரும்போது ஒரு முழுப் பகல் ஒதுக்கிவை. இந்தக் கடிதத்தை அப்பாவுக்கும் படித்துக் காட்டு.

அன்புடன்,
அக்கா