கோடையைத் தாங்கும் பசுவுக்கு எந்தக் காளை என்று கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் கோடைகாலக் கறவைமாட்டுப் பராமரிப்பு பற்றி வந்த கட்டுரை எங்களைப் போன்றவர்களுக்கு உபயோகமானது. கூரைமேல் தென்னங்கீற்று போடுவது, மதியத்தில் தண்ணீர் தெளிப்பது, தீவனத்தை வெயில் ஏறுவதற்கு முன்பும் இறங்கிய பிறகும் வைப்பது எல்லாம் சரி. ஆனால் வெயிலிலேயே கட்டி வளர்த்தால் எந்தக் கன்றும் பழகிக்கொள்ளும் என்று போகிற போக்கில் ஒரு வரி வந்திருக்கிறது. எங்கள் ஊர் பால் சொசைட்டியிலும் இதையேதான் சொல்கிறார்கள். அதை நம்பித்தான் முக்கால் பங்கு எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் என்ற ஐரோப்பியக் கறவை இனம்) ரத்தம் உள்ள மாட்டை வாங்கிவந்து சித்திரை மாதத்தில் திண்டாடுகிறார்கள்.

பழகுவது கொஞ்சதூரம்தான். வெயில் கூடக்கூட மாடு அதிகம் தண்ணீர் குடிக்கும், தீனியைக் குறைக்கும், குளிர்கால மயிரை உதிர்க்கும். அதற்கு மேல் எவ்வளவு தாங்கும் என்பது பிறக்கும்போதே தீர்மானமாகிவிடுகிறது. தாய் பட்டுப் பழகியதும் கன்றுக்கு அப்படியே போகாது. காங்கேயம் மாடு கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலத்தில் மதிய வெயிலிலும் கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்துகொண்டு நிற்கிறது என்றால், அந்த ஒரு மாடு பழகியதால் அல்ல. தாங்காதவை கன்று ஈனாமல் கழிய, தாங்கியவற்றின் கன்றுகளே மிஞ்சிப் பல தலைமுறையாகச் சேர்ந்த சொத்து அது. மயிலை நிறக் காங்கேயம் மாட்டின் மயிரை விரலால் விலக்கிப் பாருங்கள். மேலே வெளுத்த மயிர், அடியில் கருத்த தோல். வெயிலின் பெரும்பகுதியை மயிர் திருப்பிவிடும், மீறி இறங்குவதைக் கருந்தோல் தடுத்துக்கொள்ளும். திமில் உள்ள மாடுகளுக்கு வியர்வைச் சுரப்பியும் பெரிது.

இன்னொரு விஷயம் கண்ணுக்குத் தெரியாது. கோடையில் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டும் சினை நிற்கவில்லை என்று எல்லோரும் ஊசி போட்டவரைத் திட்டுகிறோம். கரு உண்டான முதல் சில நாட்களில் தாயின் உடம்புச் சூடு ஏறினால் கரு செத்துப்போகிறது என்பதே பல நேரம் காரணம். திமில் இனங்களின் கரு அந்தச் சூட்டை ஐரோப்பிய இனக் கருவைவிட நன்றாகத் தாங்குவதை ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மின்விசிறி மாட்டி இந்தக் குணத்தைக் கொண்டுவர முடியுமா?

இதைச் சொன்னால் உடனே நாட்டுமாட்டுப் பெருமை பேசுவதாக நினைக்கவேண்டாம். நானும் கலப்பினம்தான் கறக்கிறேன். பால் சுரப்பதே உடம்புக்குள் சூடு உண்டாக்கும் வேலை. நாட்டுமாடு சூடு தாங்குவதில் ஒரு பங்கு, அது குறைவாகக் கறப்பதால் வருவது. இதை மறைத்துவிட்டு நாட்டுமாடு ஒன்றே தீர்வு என்பவர்கள் மாதக் கடைசியில் பால் பணத்தை எண்ணிப் பார்க்காதவர்கள்.

ஆனால் பாலையும் வெயிலையும் ஓரளவு சேர்த்துப் பிடிக்கவும் வழி இருக்கிறது. கரீபியன் கடலில் செயின்ட் குரோய் என்ற தீவில் செனிபோல் என்று ஒரு மாட்டினம். மயிர் மிகக் குட்டை, வழுவழுவென்று தோலோடு ஒட்டிக்கிடக்கும். காரணம் புரோலாக்டின் என்ற ஹார்மோனை ஏற்கும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டிருப்பது என்று 2014இல் கண்டுபிடித்தார்கள். பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், கன்றில் அந்தக் குணம் வெளிப்படும். புளோரிடாவில் சாதாரண இனச்சேர்க்கை மூலமே இதை ஹோல்ஸ்டீனுக்குள் கொண்டுவந்தார்கள். அந்தப் பசுக்களுக்கு உடம்புச் சூடு குறைவாக இருக்கிறது, கோடையில் பால் இறங்குவதும் குறைவு. மரபணுவை நேராகத் திருத்தி இதே குணம் ஏற்றிய மாடுகளின் இறைச்சிக்கு 2022இல் அமெரிக்க அரசு அனுமதியும் கொடுத்துவிட்டது. பிரேசில்காரர்கள் நம் குஜராத்தின் கிர் மாட்டைக் கொண்டுபோய் ஹோல்ஸ்டீனோடு சேர்த்து, எட்டில் ஐந்து பங்கு ஹோல்ஸ்டீன், மூன்று பங்கு கிர் என்று கணக்கு வைத்து, கிரோலாண்டோ என்று தனி இனமே நிலைநிறுத்திவிட்டார்கள். நாம் பங்கும் பார்க்கவில்லை, கணக்கும் வைக்கவில்லை.

குளிரிலும் கதை இதேதான். சைபீரியாவின் யாகூதியாவில் மைனஸ் 50 டிகிரியில் வாழும் குட்டையான மாடுகள் உண்டு. மடியில்கூட அடர்ந்த மயிர். சோவியத் காலத்தில் பால் கூடட்டும் என்று வெளி இனங்களோடு கலந்து கலந்து அந்த இனம் கரைந்துபோக, எட்டாத ஒரு மூலையில் இருந்தவை மட்டும் தப்பின. இப்போது அவற்றின் மரபணுவைப் படிக்க விஞ்ஞானிகள் தேடிப் போகிறார்கள். நம் தமிழ்நாட்டு மாட்டினங்களான உம்பளச்சேரியையும் பர்கூரையும் அந்த நிலைக்கு விட்டுவிட்டு அப்புறம் ஆராய்ச்சி செய்து என்ன பயன்?

என் கோரிக்கை பெரிதல்ல. சினை ஊசிக்காக நைட்ரஜன் கேனிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு ஸ்ட்ராவிலும் (காளையின் உறைவிந்து உள்ள சிறு குழல்) காளையின் எண் அச்சிட்டிருக்கிறது. போட்டு முடித்ததும் அது குப்பைக்குப் போகிறது. ஊசி போடுபவர் அந்த எண்ணையும் இனத்தையும் மாட்டுக்காரரின் நோட்டில் எழுதிக் கொடுத்தால், பிறக்கும் கிடேரி (பெண் கன்று) எத்தனை பங்கு கலப்பு என்று தெரியும். அடுத்த ஊசிக்கு எந்தக் காளை என்று யோசித்துக் கேட்கலாம். ஏற்கெனவே பாதிக்கு மேல் கலப்பு ஏறிய பசுவுக்கு மறுபடியும் எச்.எஃப். ஊசியே போடாமல் இருக்கலாம். எங்கள் பக்கம் கேட்டால் "இருக்கிறதைப் போடறோம்" என்பதுதான் பதில்.

காங்கேயம், சிந்தி, கிர் ஊசிகள் எந்தெந்த மாவட்டத்தில் எங்கே கிடைக்கின்றன என்று கால்நடைத் துறையில் விசாரித்து ஒரு பட்டியல் வெளியிடுங்கள். மழைக்காலம் தொடங்கும் முன் வந்தால் நல்லது, பசுக்கள் சரியாகப் பருவத்துக்கு வருவது மழைக்காலத்தில்தான்.

இப்படிக்கு,
ஒரு பால் உற்பத்தியாளர்,
ஈரோடு மாவட்டம்.