தோல் புற்றுநோய்க்குத் தேதி குறிக்கும் முன்: மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் தோல், அறுவை, கதிர்வீச்சு மருத்துவர்களுக்கு வணக்கம்.

உலகில் மிகுதியாகக் காணப்படும் தோல் புற்றுநோய் பேசல் செல் கார்சினோமா. வெளிர்நிறத் தோலினரைவிட நம்மிடையே அது குறைவு. வரும்போதும் பெரும்பாலும் கருநிறம் ஏறி மச்சம் போலவே இருப்பதால், நோயாளி உங்களிடம் வந்து சேரவே காலதாமதம் ஆகிவிடுகிறது. வந்தபின் சிகிச்சை எப்படி முடிவாகிறது என்பதைப் பற்றியே எழுதுகிறேன்.

என் தாயாருக்கு மூக்கு மடலோரம் மிளகளவில் ஒரு கருமுடிச்சு இருந்தது. முகம் துடைக்கும்போது துண்டு பட்டால் கசியும், பொருக்குத் தட்டும், சில நாளில் மறுபடி கசியும். பயாப்ஸி முடிவு வந்த அன்றே ஆபரேஷன் தேதியும் எழுதித் தரப்பட்டது. வேறு வழி உண்டா என்று அவர் கேட்டதற்கு, "எடுத்துடணும்மா" என்பதே பதில். மருத்துவ முடிவாக அது சரியானதுதான். ஆனால் எதைவிட எது ஏன் நல்லது என்பது அவருக்குச் சொல்லப்படவில்லை.

இந்நோய் பிற உறுப்புகளுக்குப் பரவுவது மிக அரிது. ஆனால் விட்டுவைத்தால் குருத்தெலும்பையும் இமையையும் மெல்ல அரிக்கும். ஆகவே அலட்சியம் கூடாது என்பது எவ்வளவு உண்மையோ, உட்கார்ந்து பேசி முடிவெடுக்க அவகாசம் இருக்கிறது என்பதும் அவ்வளவு உண்மை.

முகத்தில் வந்த கட்டிகளை வைத்து நெதர்லாந்தில் நடந்த ஆய்வில், 10 ஆண்டுகளில் நோய் திரும்பியது வழக்கமான அறுவையில் 12.2 விழுக்காடு, மோஸ் அறுவையில் 4.4 விழுக்காடு. அடுக்கடுக்காக எடுத்து, ஒவ்வோர் அடுக்கின் விளிம்பையும் அங்கேயே நுண்ணோக்கியில் பார்த்து, நோய் தீர்ந்த இடத்தில் நிறுத்தும் அந்த முறை நம் நாட்டில் சில இடங்களில்தான் கிடைக்கிறது என்பதை அறிவேன். கிடைக்காத இடத்திலும், விளிம்பில் நோயில்லை என்ற அறிக்கை வரும்வரை தோல் ஒட்டுவதைத் தள்ளிவைக்கலாமே! மூக்கிலும் இமையிலும் வந்தவர்களுக்காவது இதை எடுத்துச் சொல்லுங்கள்.

முதுகிலோ கையிலோ மேலோட்டமாகப் படர்ந்திருந்தால் இமிகுவிமாட் களிம்பும் ஒரு வழி. ஆபத்துக் குறைந்த கட்டிகளை எடுத்துக்கொண்ட பிரிட்டன் ஆய்வில், 5 ஆண்டுகளுக்குப் பின் அறுவையில் 97.7 விழுக்காட்டினருக்கும் களிம்பில் 82.5 விழுக்காட்டினருக்கும் பலன் நிலைத்தது. இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டே களிம்பைக் கேட்கும் முதியவரின் விருப்பம் மதிக்கத் தக்கது. ஆனால் வாரக்கணக்கில் தடவும்போது அவ்விடம் சிவந்து புண்ணாகும் என்று முன்பே சொல்லாவிட்டால், பயந்து பாதியில் நிறுத்திவிடுவார்.

அறுவையைத் தாங்க இயலாதவருக்குக் கதிர்வீச்சு பெரும் துணை. அதற்காக அதை அறுவைக்குச் சமம் என்று சொல்லிவிட முடியாது: பிரான்சில் நடந்த ஆய்வில் 4 ஆண்டுகளில் நோய் நீடித்தோ திரும்பியோ இருந்தது அறுவையில் 0.7, கதிர்வீச்சில் 7.5 விழுக்காடு. வடுவும் ஆண்டு செல்லச் செல்ல மோசமாகலாம். இளவயதினருக்கு அதைத் தவிர்ப்பது அதனால்தான். கத்தி இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அதைத் தேர்ந்துவிட்டு, வாரக்கணக்கில் பேருந்தேறி வந்துபோகும் கூலித் தொழிலாளிக்கு இழப்பாகும் கூலியும் சிகிச்சைக் கணக்கில் சேர வேண்டும். இரண்டும் இயலாத முற்றிய நிலைக்கு விஸ்மோடெகிப் மாத்திரை உண்டு. தசைப்பிடிப்பும் நாவில் சுவையற்றுப் போவதும் அதனோடு வரும்.

என் வேண்டுகோள் பெரிதன்று. பயாப்ஸி அறிக்கையில் உள்ள கட்டியின் வகையையும், அளவும் இடமும் ஏன் முக்கியம் என்பதையும், தமிழில் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். முகத்தில் வந்தவர்களை மூன்று துறையினரும் ஒரே நாளில் சேர்ந்து பாருங்கள். அறுவை முடிந்தபின், விளிம்பு சுத்தமா இல்லையா என்ற அறிக்கையின் நகலையும், அடுத்த முழுத்தோல் பரிசோதனைக்கான தேதியையும் கையில் கொடுத்தே வீட்டுக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
நோயாளி ஒருவரின் மகள்