ஆறிய பிறகு குடி

அன்பு மகனுக்கு,

சென்ற முறை நீ வந்திருந்தபோது, நான் துணி சுற்றிப் பிடித்து வந்து வைத்த தேநீர்க் கோப்பையை, ஆவி அடங்குவதற்குள் எடுத்து மூன்றே மடக்கில் குடித்து முடித்தாய். உன் பையின் பக்க உறையில், பாதி தீர்ந்துபோன நெஞ்செரிச்சல் மாத்திரை அட்டை ஒன்றும் இருந்தது. உனக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் வந்துவிடுமோ என்று அன்றிலிருந்து எனக்கு மனம் அமைதியாக இல்லை.

உணவுக்குழாய் ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுள்ள, உட்புறம் மென்மையான ஒரு குழாய். 65 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களைக் குடிப்பது பெரும்பாலும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று, உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் வகைப்படுத்தியது. குற்றம் தேயிலையில் இல்லை, சூட்டில்தான் இருக்கிறது. ஐந்து நிமிடம் ஆறவிட்டால் போதும்.

சூட்டைவிட நான் அஞ்சுவது புகையிலையையும் மதுவையும். இரண்டும் சேரும்போது ஆபத்து வெறுமனே கூடுவதில்லை, பலமடங்காகப் பெருகுகிறது. ஒரு வாய் குடித்தாலே முகம் சிவந்துவிடுகிறது என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னாய் அல்லவா? மது உடலில் அசிட்டால்டிஹைடு என்னும் நச்சாக மாறுகிறது; அதை விரைவாக வெளியேற்ற இயலாதவர்களுக்கே பெரும்பாலும் அப்படிச் சிவக்கும், அவர்களுக்கு இந்த நோயின் ஆபத்தும் அதிகம். அதைச் சிரித்து ஒதுக்கிவிடாதே.

இனி அந்த மாத்திரை அட்டை. இரைப்பை அமிலம் ஆண்டுக்கணக்கில் மேலேறினால், குழாயின் கீழ்ப்பகுதியில் உட்படலம் குடலின் படலம்போல மாறிவிடக்கூடும். பேரட் உணவுக்குழாய் என்பது அதுதான். அப்படி மாறியவர்களில் மிகப் பலருக்குப் புற்றுநோய் வருவதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் மாத்திரை எரிச்சலை அடக்குமே தவிர, உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் காட்டாது. வயிற்றில் சேரும் பருமன் அமிலத்தை மேலே தள்ளுகிறது. நள்ளிரவில் உண்டு உடனே படுப்பதும் அப்படியே. படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிடு. தட்டில் காய்கறியும் பழமும் கூடுதலாக இருக்கட்டும்.

இரைப்பை, குடல் மருத்துவரை ஒருமுறை பார். கேமரா பொருத்திய குழாயால் உள்ளே பார்க்கும் எண்டோஸ்கோபி தேவையா என்பதை அவர் சொல்லட்டும். விழுங்கும்போது உணவு சிக்குவதாகத் தோன்றினால் ஒரு வாரம்கூடக் காத்திராதே, ஏனெனில் குழாய் விரிந்து கொடுப்பதால் அந்த அறிகுறி பெரும்பாலும் தாமதமாகவே தெரியவருகிறது.

நாள் குறித்ததும் எனக்கு எழுது. நானும் உடன் வருகிறேன்.

அன்புடன்,
அம்மா