மேட்டூர்ப் பயணம்: உறுப்பினர்கள் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி என்பதும், கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்பதும் நம்மில் பலர் அறிந்ததே. ஆனால் நீர் வற்றும்போது பண்ணவாடிப் பக்கம் வெளிப்படும் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும், இந்த நீர்த்தேக்கத்துக்காக ஊரையும் நிலத்தையும் விட்டுப் பெயர்ந்தவர்களின் எஞ்சிய அடையாளங்கள் என்பதால், அவற்றின் மீது ஏறிப் படமெடுப்பதை அறவே தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அக்கம்பக்கத்தில் வாழ்கிறார்கள்.

டெல்டா பாசனத்துக்கு விடப்படும் நீரே அணை மின்நிலையத்திலும் சுரங்க மின்நிலையத்திலும் சுழலிகளை இயக்கிவிட்டு ஆற்றில் சேர்கிறது. திறப்பின் அளவு கூட்டப்படும்போது நீர்மட்டம் விரைந்து உயரும். ஆகவே அணைக்குக் கீழே எவரும், குறிப்பாகக் குழந்தைகளுடன் வருவோர், குளிக்க இறங்க வேண்டாம்.