சைக்கிள் மணி கிடைத்தது

கோவில்பட்டி
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். ஆச்சிக்குக் கண் அறுவை முடிந்து கட்டும் பிரித்தாகிவிட்டது. எல்லாரும் கறுத்துப் போய்விட்டோம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். உன் நலம் அறிய ஆவல்.

சைக்கிள் மணியைக் காணோம் என்று நான்கு நாள் தேடினேன். பழைய இரும்பு வாங்குகிறவர் மேல் சந்தேகப்பட்டு அவரிடம் கேட்டும்விட்டேன். மனிதர் இப்போது நம் தெருப் பக்கமே வருவதில்லை. உன் அம்மா வாயைத் திறக்காமல் அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஐந்தாம் நாள் தம்பிதான் ஒப்புக்கொண்டான். நீ கேட்டாய் என்று திருப்புளியால் கழற்றிப் பஸ்ஸில் பார்சல் போட்டுவிட்டானாம். என்னிடம் கேட்டிருந்தால் நானே கழற்றித் துடைத்து, எண்ணெய் விட்டு அனுப்பியிருப்பேன். மூடிக்குள் ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கிறது, அது விழுந்துவிட்டால் மணி ஊமை. கேட்கத் தோன்றவில்லை, சரி.

மதிப்பெண்ணுக்காக நீ எடுத்த பேய்ப் படத்தின் தொடக்கத்தையும் அவன்தான் காட்டினான். அவனைத் திட்டாதே. பிடுங்காத குறையாக நான்தான் செல்பேசியை வாங்கினேன். இரண்டு நிமிடம் நான்கு நொடி இருக்கிறது. உங்களுக்கு இரண்டு நிமிடம்தானே கணக்கு? அந்த நான்கு நொடிக்கு மதிப்பெண் குறைத்துவிடப் போகிறார்கள். ஃபிலிமாக இருந்தால் இரண்டு நிமிடம் என்பது 180 அடி. நம் வாசலிலிருந்து அடிபம்பு வரை போய்த் திரும்பும் நீளம். அதற்குள் 2,880 ஃபிரேம். நீ இத்தனை படங்களை அடுக்கியிருக்கிறாய் என்று நினைத்தபோது பெருமையாக இருந்தது. டீக்கடையில் இரண்டு பேரிடம் சொல்லவும் செய்தேன். பெண்பிள்ளைக்குப் பேய்ப் படம் எதற்கு என்று ஒருவர் கேட்டார். அவருக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

படத்தின் தொடக்கம் மட்டும்தான் எடுக்க வேண்டும், மீதி வேண்டாம் என்று உன் அம்மா சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் கொட்டகையில் தொடக்கத்தைப் பார்த்தவர் யார்? பெயர் போடும்போது டார்ச் லைட் அலையும், காலை மிதித்துவிட்டார்கள் என்று சண்டை நடக்கும், முறுக்குத் தட்டு குறுக்கே போகும். ஹிட்ச்காக் என்ற இயக்குநர் 1960-இல் எடுத்த ‘சைக்கோ’ படத்துக்கு, ஓட ஆரம்பித்த பிறகு யாரையும் உள்ளே விடக் கூடாது என்று கொட்டகைக்காரர்களுக்கு நிபந்தனை போட்டார். எங்கள் முதலாளியிடம் அப்படிச் சொல்லியிருந்தால் பெட்டியைத் திருப்பி அனுப்பியிருப்பார். அந்தப் படத்தில் ரத்தத்துக்குச் சாக்லேட் பாகை ஊற்றினார்கள். கறுப்பு வெள்ளை என்பதால் செல்லுபடியாயிற்று. நீ ரத்தமே காட்டவில்லை. நல்லது. பேயின் முகத்தையும் காட்டவில்லை, அது இன்னும் நல்லது. 22 வருடம் ஆபரேட்டர் அறைத் துவாரத்தில் நின்று பார்த்தவன் சொல்கிறேன். அறைக்குள் இயந்திரச் சத்தத்தில் எனக்கு வேறொன்றும் கேட்காது, ஆனால் கீழே தலைகள் தெரியும். பயந்த தலை அசையாது. பேய் வந்து பல்லைக் காட்டியதும் எல்லாத் தலையும் ஆடத் தொடங்கிவிடும், விசில் அடிப்பார்கள். அது வருவதற்கு முன்புதான் பயம்.

குறையும் சொல்கிறேன். இருட்டு அதிகம். இருட்டைக் காட்டவும் ஒரு வெளிச்சம் வேண்டும். ஜன்னல் பக்கமிருந்து ஒரே ஒரு பல்பு போதும், கட்டிலின் விளிம்பு தெரிந்தால் போதும். பெயர்கள் சீக்கிரம் மறைகின்றன, ஆச்சியால் படிக்க முடியாது. அந்தப் பெண் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணும் ஷாட்டை வெட்டிவிடு. எதை எண்ணுகிறாள் என்று யாருக்கும் விளங்காது. அதை எடுத்தால் உன் நான்கு நொடியும் சரியாகிவிடும்.

ராத்திரியில் படப்பிடிப்பு வேண்டாம். பகலிலேயே ஜன்னலில் கறுப்புத் துணி கட்டினால் இரவுதான். விடுதிக் கதவு அடைக்கும் நேரத்துக்குள் உள்ளே போய்விடு. கூட மூன்று பேர் இருக்கிறார்கள் என்று அம்மாவிடம் சொன்னாயாம். அந்த மூன்று பேருக்கும் ஒன்பது மணிக்கு மேல் பஸ் இருக்கிறதா என்று யோசித்தாயா? பொங்கலுக்கும் படப்பிடிப்பு என்றாய். ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் இருபது நிமிடம் பேசுகிறாய், நான் வாங்கினால் சிக்னல் போய்விடுகிறது. சென்னையில் சிக்னல் அப்படித்தான் என்று தம்பி சொல்கிறான். அவன் நல்ல பையன்.

அம்மா அரைத்த பொடி அனுப்பியிருக்கிறாள். சாப்பிடு.

ஒலியைப் பற்றி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஃபிலிமில் ஒலி, அதற்குரிய படத்துக்கு நேராக இருக்காது, ஏறக்குறைய 20 ஃபிரேம் முன்னால் தள்ளி அச்சடித்திருப்பார்கள். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது சுருளைப் பிடித்துக் காட்டியிருக்கிறேன். லென்ஸுக்குப் பின்னால் படம் ஒவ்வொன்றாக நின்று நின்று போகும். ஒலியை எடுக்கும் இடம் அதற்குக் கீழே, அங்கே ஃபிலிம் நிற்காமல் சீராக ஓட வேண்டும். அதற்காகத்தான் அந்த இடைவெளி. நடுவில் ஃபிலிமைத் தளர்வாக வளைத்துவிடும் லூப்பைச் சிறிதாக விட்டுவிட்டால், திரையில் ஆள் வாயைத் திறப்பதற்கு முன் பேச்சு வந்துவிடும். எங்களுக்கு அது பிழை. நீ அதை வேண்டுமென்றே செய்திருக்கிறாய். திரை கறுப்பு. வெளியே சைக்கிள் ஸ்டாண்டு தரையில் உரசித் தவறுகிறது. மணி சிணுங்குகிறது. அப்புறம்தான் கட்டிலில் படுத்திருக்கும் பெண் கண்ணைத் திறக்கிறாள். ஒரு விரலை மடக்குகிறாள். மறுபடியும் ஸ்டாண்டு தவறுகிறது. மூன்றாவது விரல் மடங்கியதும் பக்கத்தில் இருக்கும் பையனைக் கட்டிலுக்கு அடியில் இழுத்து அவன் வாயைப் பொத்துகிறாள். நாதாங்கி ஆடுகிறது. படத்தின் பெயர் வருகிறது.

தம்பியிடம் இன்னொரு முறை போடச் சொன்னேன். அவன் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டான்.

2012-இல் டிஜிட்டல் வந்ததும் இரண்டு புரொஜெக்டரையும் எடைக்குப் போட்டார்கள். உனக்கு அப்போது எட்டு வயது. எனக்கு அதற்குப் பிறகு இரண்டாம் ஆட்டம் கிடையாது. இரவு ஒன்றரை மணிக்குத்தான் வீட்டுக்கு வர வேண்டும் என்ற அவசியமும் கிடையாது. ஆனாலும் அந்த நேரத்துக்குத்தான் வந்தேன், படம் விட்டு வருகிறவன் மாதிரி. அதுவரை எங்கே இருந்தேன் என்பது உனக்குத் தெரியும். பிள்ளைகள் மேல் கை வைத்ததில்லை என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். அதை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! மழை பிடித்தால் உன் அம்மாவின் இடது மணிக்கட்டு வலிப்பது எதனால் என்று ஆச்சிக்குக்கூடத் தெரியாது. நம் நான்கு பேருக்குத் தெரியும்.

நீ எண்ணினாய் என்பது மட்டும் எனக்குத் தெரியாது. ஒரே தடவையில் சைக்கிள் நின்றுவிட்டால் தூங்கலாம், மூன்று என்றால் கட்டிலுக்கு அடியில். அப்படித்தானா என்று தம்பியிடம் கேட்டேன். ஆமாம் என்றான், என் முகத்தைப் பார்க்காமல். நான் தொடாமல் நான்கு வருடம் ஆகிறது. இன்னும் எண்ணுகிறாயா என்று அவனிடம் கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டுவிட்டேன்.

விரல் ஷாட்டை வெட்டாதே. மேலே எழுதியதை அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். வேறு எங்காவது நான்கு நொடியைக் குறைத்துக்கொள், பெயர்களில் கை வைக்காமல்.

ஆனால் உன் ஸ்டாண்டுச் சத்தம் சரியில்லை. யாருடைய சைக்கிள் அது? பக்கவாட்டில் ஒற்றைக் கால் ஸ்டாண்டு போல ‘டிக்’ என்கிறது. நம்முடையது பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்துகிற ஸ்டாண்டு. தவறினால் வண்டியே இறங்கிக் குதிக்கும், செயின் மூடி அதிரும். மணியையும் கட்டை விரலால் அழுத்தியிருக்கிறாய், முழுதாக அடிக்கிறது. வண்டி குலுங்கும்போது அது பாதிதான் அடிக்கும். ஒரு பலகையில் முடுக்கி, பலகையைத் தட்டிப் பார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும் என்று தம்பி சொன்னான். அதனால் நேற்று ராத்திரி தெரு அடங்கிய பிறகு நானே வாசலில் சைக்கிளை நிறுத்தினேன், அவன் செல்பேசியைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தான். முதல் தடவையே நின்றுவிட்டது. இரண்டாவது தடவையும் நின்றுவிட்டது. கை பழகிவிட்டது போலிருக்கிறது. பிறகு வேண்டுமென்றே காலைத் தளர்த்தித் தவறவிட வேண்டியதாயிற்று. மூன்றாவது முறை வண்டி குதித்தபோது உள்ளே விளக்கு எரிந்தது. உன் அம்மா வாசற்படி வரை வந்து நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. தம்பிதான், பாப்பா படத்துக்காக என்று சொன்னான். அவள் போய்ப் படுத்துக்கொண்டாள், விளக்கை அணைக்கவில்லை.

மொத்தம் ஐந்து பதிவு இருக்கிறது. தம்பி காலையில் அனுப்புவான். நான்காவதை எடுத்துக்கொள், அதில் நாய் குரைக்கவில்லை. மணி உன்னிடம் இருப்பதால் அதை நீதான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அப்பா