பத்துப் பேர்தான் வந்திருக்கிறார்கள் என்பதற்காக ஒரு பையனை இறக்காதீர்கள்

வயதுவந்தோருக்கான கீழ்நிலைக் கால்பந்து லீக்குகளை நடத்தும் நிர்வாகிகளுக்கும், அவற்றில் ஆடும் கிளப்புகளின் மேனேஜர்களுக்கும்,

வணக்கம்.

22 வருடங்களாக ஸ்டாப்பர் பேக் ஆடுகிறவன் நான். கடைசி இரண்டு டிவிஷன்களைத் தாண்டி ஒருமுறைகூட மேலே போனதில்லை. பெரிய ஆட்டக்காரன் யாரோ உபதேசம் செய்கிறான் என்று நினைத்துவிட வேண்டாம். வந்தவனைத் தடுத்து நிறுத்துவதையே வேலையாக வைத்திருந்தவன், அப்படி நிறுத்திய ஒருவனைப் பற்றி எழுதுகிறேன்.

மூன்று சீசனுக்கு முன் நடந்தது. எதிரணியின் இடது விங்கில் ஒரு பையன். ஜெர்சி தோளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். முதல் இருபது நிமிடத்தில் இரண்டு முறை என்னை நின்ற இடத்தில் நிற்க வைத்துவிட்டுப் போனான். மூன்றாவது முறை நான் விடவில்லை. பந்து இருவருக்கும் சம தூரத்தில் இருந்தது. தோளோடு தோள். காலைத் தூக்கவில்லை, முழங்கையை விரிக்கவில்லை. நடுவர் விசில் ஊதவில்லை, ஊதியிருந்தால்தான் தப்பு. என் எடை 84 கிலோ. அவன் ஐம்பது இருந்தால் அதிகம். விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. காறை எலும்பு முறிந்துவிட்டது.

அவனுக்கு 15 வயது என்பது ஆட்டம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. அன்று காலை அவர்கள் அணிக்குப் பத்துப் பேர்தான் வந்திருக்கிறார்கள். ஜூனியர் ஆட்டத்தை முடித்துவிட்டு ஓரமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவனை மேனேஜர் கூப்பிட்டிருக்கிறார்: "தம்பி, பூட்ஸ கழட்டாத, வா." அணித் தேர்வு அதோடு முடிந்தது. அவனுக்கு அன்று அது இரண்டாவது ஆட்டம்.

வீட்டுக்கு வந்து எங்கள் லீக் விதிகளை எடுத்து வரிவரியாகப் படித்தேன். அவர்கள் எதையும் மீறவில்லை. நானும் மீறவில்லை. எல்லோரும் விதிப்படி நடந்து ஒரு பையனின் எலும்பை முறித்திருக்கிறோம்.

இதைச் சொன்னதும், "அப்போ 18 வயசுக்குக் கீழே யாரையும் விடவே கூடாதா?" என்று கேட்கிறார்கள். விட வேண்டும் என்பவன் நான். அதனால்தான் இந்த மடல்.

சீனியர் ஆட்டத்தில் கிடைப்பது ஜூனியர் ஆட்டத்தில் கிடைக்காது. ஜூனியர் மைதானத்தின் ஓரத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்று பாருங்கள். பெற்றோர் சத்தமும் கோச் சத்தமும்தான் கேட்கும். உள்ளே ஆடும் பசங்க வாயைத் திறக்க மாட்டார்கள். எங்கள் கடைசி டிவிஷனில் கோல்கீப்பர் முதல் ஃபார்வர்டு வரை தொண்டை கிழியக் கத்துவோம். "பின்னால ஆள்!" "நேரம் இருக்கு, திரும்பு!" "விடு, என்னோடது!" இது இல்லாமல் முப்பது வயதுக்கு மேல் ஒரு ஆட்டத்தை ஓட்ட முடியாது என்பதால் வந்த பழக்கம். எங்கள் நடுக்களத்தில் ஒருவர் இருந்தார், அப்போதே 37. ஓட்டம் என்பது அவரிடம் அறவே கிடையாது. ஆனால் பந்து போய்ச் சேரும் இடத்தில் அவர் ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பார். அவர் பக்கத்தில் பத்து ஆட்டம் ஆடும் 17 வயதுப் பையனுக்கு எந்தப் பயிற்சி முகாமும் அதைச் சொல்லித் தர முடியாது. தோற்றால் கீழ் டிவிஷனுக்கு இறங்குவோம் என்ற பயமும் ஜூனியர் ஆட்டத்தில் கிடையாது. அது ஒரு தனிப் பாடம்.

பெயர் சொல்லக்கூடிய உதாரணங்கள் நிறைய. ஹாரி கேன் 2011 ஜனவரியில், 17 வயதில், இங்கிலாந்தின் மூன்றாம் நிலையில் ஆடிய லேட்டன் ஓரியன்ட் அணிக்கு லோனில் (தற்காலிகமாக ஆட) போனார். 18 ஆட்டம், 5 கோல். மெஸ்ஸி 2003-04 சீசனில், 16 வயதில், பார்சிலோனாவின் சி அணிக்காக ஸ்பெயினின் அன்றைய நான்காம் நிலையில் பெரியவர்களோடு மோதினார். ரியாத் மாரெஸ் பிரான்சின் நான்காம் நிலையில் கெம்பேர் அணியில் ஆடித்தான் மேலே ஏறினார். 16 வயதில் ஷெஃபீல்ட் வென்ஸ்டே கிளப் கழித்துவிட்ட ஜேமி வார்டி, ஏழாம் எட்டாம் நிலைகளில் ஸ்டாக்ஸ்பிரிட்ஜுக்கு ஆடிக்கொண்டே தொழிற்சாலை வேலைக்கும் போனவர். 2015-16இல் லெஸ்டர் சிட்டி பிரீமியர் லீகை வென்றபோது மாரெஸ், வார்டி இருவரும் அந்த அணியில் இருந்தார்கள்.

இந்தப் பட்டியலை மேனேஜர்கள் எனக்கு மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு. ஜெயித்தவன் பெயர் மட்டுமே பட்டியலில் ஏறும். அதே வயதில் அதே மாதிரி அனுப்பப்பட்டு, உடைந்த முழங்காலோடு திரும்பி வந்தவன் பெயரை யார் எழுதி வைத்திருக்கிறார்கள்? இன்னொன்று, கேனையும் மெஸ்ஸியையும் அனுப்பியவர்கள் யோசித்து, நாள் குறித்து, அளந்து அனுப்பினார்கள். ஆள் குறைகிறது என்று ஆட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் கூப்பிடவில்லை.

வயதைப் பற்றிப் பேசுவோம். பிறந்த தேதி ஒரு அளவுகோல், அவ்வளவுதான். அதுவும் மோசமான அளவுகோல். பெரும்பாலான பையன்கள் 13, 14 வயதில் மிக வேகமாக வளர்கிறார்கள். அந்த ஒரு வருடத்தில் 8 முதல் 10 செ.மீ. வரை நீளலாம். சிலருக்கு இது 12இலேயே வந்துவிடும், சிலருக்கு 16இல்தான் வரும். ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்காரும் இரண்டு பையன்களின் எலும்பு முதிர்ச்சியில் நாலு வருட வித்தியாசம்கூட இருக்கலாம். வேகமாக வளரும் காலத்தில் எலும்பு முன்னே ஓடுகிறது, தசையும் தசைநாணும் பின்னால் இழுபடுகின்றன. எலும்பின் நுனியில் இருக்கும் வளர்தட்டு இன்னும் இறுகாத இளசு. பெரியவனுக்குத் தசைநாண் இழுபடும் இடத்தில், இவனுக்கு எலும்புத் துண்டே பெயர்ந்து வரலாம். முழங்காலுக்குக் கீழே முண்டு தள்ளி வலிக்கும் ஆஸ்குட்-ஷ்லாட்டர் தொல்லை இந்த வயதுக்காரர்களுக்கே உரியது. "வளர்ற வலி, போயிடும்" என்று சொல்லி ஆடவிட்ட மேனேஜர்கள் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியும்.

நாம் பொதுவாகச் செய்யும் தவறு இதற்கு நேர் எதிர்ப் பக்கத்தில் இருக்கிறது. சின்ன உடம்புக்காரனைப் பார்த்துப் பயந்து பெஞ்சில் வைக்கிறோம். 14 வயதில் மீசை முளைத்து, தோள் அகன்று, பார்க்கப் பெரியவன் மாதிரி இருப்பவனை உடனே சீனியர் அணிக்கு இழுத்துக்கொள்கிறோம். தோள் அகன்றிருக்கிறது, சரி. தலைக்குள் இருப்பது 14தானே. ஜூனியரில் எல்லாரையும் தள்ளிவிட்டே ஜெயித்துப் பழகியவன் அவன். அவனுக்குச் சீனியர் ஆட்டம் நல்லதாகக்கூட இருக்கலாம், பலத்தை நம்பாமல் ஆடக் கற்றுக்கொள்வான். ஆனால் அவனிடமும் அவன் வீட்டிலும் கேட்டுவிட்டுத்தானே செய்ய வேண்டும்?

பெல்ஜியம் கால்பந்துச் சங்கம் தாமதமாக வளரும் பையன்களுக்கென்றே தனி இளையோர் அணி வைத்தது. இங்கிலாந்தில் பிரீமியர் லீக் அகாடமிகள், வயதை விட்டுவிட்டு உடல் முதிர்ச்சிப்படி பிரித்து ஆடவைத்துப் பார்த்தன. அந்த அளவுக்கு வசதி நம்மிடம் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரில் கோடு போட்டு உயரம் குறிக்க ஒரு பென்சில் போதும். கோடுகள் மளமளவென்று மேலேறும் காலத்தில் அந்தப் பையனைச் சீனியர் ஆட்டத்துக்கு இறக்காமல் பொறுத்துக்கொள்ளலாம்.

பெண்கள் லீக்குகளில் இது இன்னும் கூர்மையான விஷயம். அங்கே வயதுவாரி அணிகள் குறைவு. ஜூனியர் அணியே இல்லாத கிளப்பில் 15 வயதுப் பெண்ணுக்குச் சீனியர் அணியை விட்டால் வேறு அணி கிடையாது. பெண்பிள்ளைகள் முன்னதாகவே வளர்ந்து முடிப்பதால் மோதலில் உடல் வித்தியாசம் சற்றுக் குறையும். ஆனால் முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் (ஏ.சி.எல்.) கிழியும் ஆபத்து ஆண்களைவிட அவர்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு. அங்கே கதவை மூடினால் அந்தப் பெண் ஆட்டத்தையே விட்டுவிடுவாள். எனவே 'இத்தனை வயதுக்குக் கீழே கூடாது' என்று ஒரே ஒரு எண்ணை எழுதிவிட்டு நீங்கள் நிம்மதியாக இருக்க முடியாது.

அடுத்தது, எத்தனை ஆட்டம். ஸ்பெயினின் நடுக்கள ஆட்டக்காரர் பெட்ரி 2020-21 சீசனில், 18 வயதில், கிளப்புக்கும் நாட்டுக்கும் சேர்த்து 70-க்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார். யூரோவும் ஒலிம்பிக்ஸும் ஒரே கோடையில். அடுத்த சீசனில் தொடைத் தசைக் காயம் திரும்பத் திரும்ப வந்தது. அவரைச் சுற்றி மருத்துவர்கள், கருவிகள், கணக்குகள் எல்லாம் இருந்தும் இந்த நிலை. நம் பையன் பள்ளிக்கு ஆடுகிறான், ஜூனியருக்கு ஆடுகிறான், மாவட்டத் தேர்வுக்குப் போகிறான், மிச்ச நாளில் நமக்கு ஆடுகிறான். நான்கு கோச்சுகள், ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வதே இல்லை. ஒவ்வொருவரும் "என்னிடம் ஒரு ஆட்டம்தானே" என்கிறார்.

உடை மாற்றும் அறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அனைவருக்கும் தெரிந்ததுதான். அங்கே நாங்கள் பேசும் பேச்சை எங்கள் பிள்ளைகள் கேட்டால் எங்களுக்கே கூசும். பையன் தனியாக உடை மாற்ற இடம் வேண்டும். அணியின் வாட்ஸ்அப் குழுவில் அவன் இருக்க வேண்டுமென்றால், அதில் பகிரும் குப்பைகளை நாம்தான் நிறுத்த வேண்டும். ஆட்டம் முடிந்ததும் குடிக்கப் போகிறவர்கள் வண்டியில் அவனை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

என் வயதுக்காரர்கள் சார்பாகவும் ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் 2016இல் கீழ்நிலை கிளப்புகளுக்கான இ.எஃப்.எல். டிராஃபியில் பெரிய கிளப்புகளின் அகாடமி அணிகளைச் சேர்த்தபோது கீழ்நிலை அணிகளின் ரசிகர்கள் மைதானத்துக்கே வராமல் எதிர்த்தார்கள். 'எங்கள் போட்டி உங்கள் பயிற்சிக்கூடமா?' என்பது அவர்கள் கோபம். எனக்கு அது புரிகிறது. வாரம் முழுக்க வேலை செய்துவிட்டு, பயிற்சிக்குத் தவறாமல் வரும் 34 வயதுக்காரனை உட்காரவைத்துவிட்டு, 'வருங்காலம்' என்று ஒரு பையனை இறக்கினால் அவனுக்கு என்ன மிச்சம்? பையனுக்கு இந்த டிவிஷன் ஏறிப் போகிற படி. எங்களுக்கு இதுதான் வீடு. கூடவே, முழு அணியும் பையன்களாக வருவதும் ஒரே ஒரு பையன் பத்துப் பெரியவர்களுக்கு நடுவே ஆடுவதும் ஒன்றாகாது. முதல் வகையில் பதினொரு பேரும் சேர்ந்து அடி வாங்குகிறார்கள். சொல்லிக்கொடுக்கும் 37 வயதுக்காரர் அந்த அணியில் இல்லை.

ஆக, நான் கேட்பது ஒன்றுதான். ஒரு பையன் சீனியர் ஆட்டம் ஆடலாமா என்ற முடிவை, அன்றைய ஆட்டத்தால் லாபம் அடையும் ஆள் எடுக்கக் கூடாது. பத்துப் பேரோடு நிற்கும் மேனேஜர் கெட்டவர் கிடையாது. அந்த நிமிடத்தில் அவருக்குக் கண் தெரியாது, அவ்வளவுதான். எனக்கும் தெரிந்திருக்காது. முடிவைப் பையனின் ஜூனியர் கோச்சும் பெற்றோரும் பையனும் சேர்ந்து எடுக்கட்டும், சீசன் தொடங்கும் முன்பே. களத்தில் எந்த இடத்தில் ஆடுவான், எத்தனை நிமிடம், வாரத்தில் மொத்தம் எத்தனை ஆட்டம் என்பதையும் அவர்களே எழுதட்டும். முதலில் ஸ்டாப்பராக நிறுத்தாமல் விங்கில் நிறுத்தினால் ஹெடருக்கு (தலையால் பந்தை முட்ட) என்னைப் போன்றவர்களோடு மோத வேண்டியிருக்காது.

நிமிடக் கணக்கை எப்படிக் காப்பது என்பீர்கள். அடிமட்ட, இளையோர் ஆட்டங்களில் வெளியே போனவர் திரும்ப உள்ளே வரலாம் என்று மாற்றிக்கொள்ள விதிகளை வகுக்கும் சர்வதேச அமைப்பான ஐ.எஃப்.ஏ.பி.யின் ஆட்ட விதிகளே தேசியச் சங்கங்களுக்கு இடம் கொடுக்கின்றன. அதைக் கேட்டு வாங்குங்கள். பையன் இருபது நிமிடம் ஆடுவான், வெளியே வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து திட்டு வாங்குவான், மறுபடி உள்ளே போவான். 90 நிமிடம் ஓடுவதைவிட அப்படி அதிகம் கற்பான்.

அந்தப் பையனை இரண்டு வருடம் கழித்து மறுபடி எதிரணியில் பார்த்தேன். 17 வயது, என்னைவிட உயரம். வேகம் கொஞ்சம் குறைந்திருந்தது போலத் தெரிந்தது. ஆனால் நான் நெருங்கும்போது தோளைக் காட்டவில்லை. இடுப்பைத் தாழ்த்தி, பந்துக்கும் எனக்கும் நடுவே பின்பக்கத்தை வைத்தான். யாரோ ஒரு பெரியவர் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். ஆட்டம் முடிந்து கை கொடுத்தான். நான் யாரென்று அவனுக்கு ஞாபகம் இருந்ததா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த சீசனுக்கான பதிவுப் படிவம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கான பக்கத்தில் ஒரு வரி சேருங்கள்: 'இவர் சீனியர் ஆட்டம் ஆடலாம் என்று ஒப்புக்கொண்டவர்கள் யார், யார்? எந்தத் தேதியில்?' அங்கே ஆட்ட நாளின் தேதி இருந்தால், படிவத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். அன்று அந்த அணி பத்துப் பேரோடு ஆடட்டும்.

இப்படிக்கு,
கடைசி டிவிஷன் ஸ்டாப்பர் பேக் ஒருவன்