வாஷிங்டன் கணக்கு முடிந்தது, கிளார்க் கணக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுப்பணத்தைக் கையாள்வது குறித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரை, அமெரிக்க விடுதலைப் போரில் படைத்தலைவராக இருந்த ஜார்ஜ் வாஷிங்டனின் போர்க்காலச் செலவுக் கணக்கை முன்மாதிரியாகக் காட்டியிருந்தது. அதை நானும் ஏற்கிறேன். 1775 ஜூனில் படைத்தலைமையை ஏற்றபோது, மாதம் 500 டாலர் வேண்டாம், செய்த செலவைத் தந்தால் போதும் என்றார் அவர். 1783இல் எட்டு ஆண்டுக் கணக்கையும் தம் கைப்படவே எழுதிக் கொடுத்தார். கருவூலத்தார் கூட்டிப் பார்த்ததில், அவர் கேட்டதற்கு மேல் ஒரு டாலரில் 90இல் 89 பங்கு அவருக்குச் சேர வேண்டியிருந்தது.

அந்தக் கணக்கில் நான் திரும்பத் திரும்பப் படிப்பது மனைவி மார்த்தாவின் பயணச் செலவை. குளிர்காலப் பாசறைக்கு அவர் வந்துபோன வகையில் 1,064 பவுன் 1 ஷில்லிங். சொந்தச் செலவு போலத் தோன்றியதால் முதலில் சேர்க்கத் தயங்கினேன், ஆண்டுதோறும் வீட்டுக்குப் போய்வர நினைத்தும் பணி விடவில்லை, அதனால் இப்போது சேர்க்கிறேன் என்று வாஷிங்டனே காரணம் எழுதியிருக்கிறார். பிரிட்டிஷார் பிடியில் இருந்த பாஸ்டனுக்குள் உளவு ஏற்பாடு செய்ய 1775 ஜூலையில் கொடுத்த 333 டாலர் சொச்சத்துக்கு நேரே, வாங்கியவரின் பெயர் இருக்க வேண்டிய இடம் வெற்றிடம். ஆளைக் காப்பாற்றுவதற்காக அப்படி விட்டிருந்தார்.

முப்பத்தொரு ஆண்டு அரசுக் கணக்குப் பிரிவில் வவுச்சர் பார்த்தவன் நான். கட்டுரை வாஷிங்டனோடு நின்றுவிட்டதுதான் என்னை எழுத வைத்தது. தலைமைத் தளபதிக்குச் செயலாளர்கள் இருந்தார்கள். அவருடைய சொல்லுக்கு அமெரிக்கக் காங்கிரஸ் மன்றத்தில் மதிப்பு இருந்தது. எல்லைக்காட்டுக்குப் போன அதிகாரிக்கு என்ன இருந்தது?

அதே போரில் வர்ஜீனியா மாநிலத்துக்காகப் படை நடத்திய ஜார்ஜ் ரோஜர்ஸ் கிளார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1778 ஜூலையில், மேற்கு எல்லையில் பிரிட்டிஷார் வசமிருந்த கஸ்காஸ்கியா என்ற ஊரைப் பிடித்தார். அடுத்த பிப்ரவரியில், வெள்ளம் சூழ்ந்த வாபாஷ் ஆற்றுப் பகுதியில் ஏறக்குறைய 170 பேரோடு இடுப்பளவு நீரில் நடந்து போய், பிரிட்டிஷாரின் கோட்டை இருந்த வின்சென்ஸைக் கைப்பற்றினார். அந்தப் படைக்கு உணவும் உடையும் உள்ளூர் வணிகர்களிடம் கடனாகத்தான் கிடைத்தன. அந்தக் கடன்களுக்குத் தம் பெயரில் கையெழுத்துப் போட்டார். ரசீதுகளை ஒழுங்காக வர்ஜீனியாவுக்கு அனுப்பியும் வைத்தார். அரசோ ஆதாரம் போதாது என்றது. கடன் கொடுத்தவர்கள் அவரைத்தான் துரத்தினார்கள். அவர்களுக்குப் பயந்து, கிடைத்த நிலத்தைக்கூடத் தம் பெயரில் வைத்துக்கொள்ள முடியாமல் வாழ்ந்தார். அவருக்குக் கடன் கொடுத்த வணிகர் பிரான்சிஸ் வீகோ 1836இல் வறுமையில் இறந்தார். அவருடைய வாரிசுகளுக்குப் பணம் வந்து சேர இன்னும் நாற்பது ஆண்டு ஆனது.

தொலைந்ததாகக் கருதப்பட்ட கிளார்க்கின் ரசீதுகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வர்ஜீனியாவின் தலைநகர் ரிச்மண்டில், அரசின் பழைய தாள்களுக்கு நடுவிலேயே கிடைத்தன. ஆயிரக்கணக்கான தாள்கள்.

இதை முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, வெள்ள நிவாரணத்துக்குப் போய்வந்த ஒரு கடைநிலை ஊழியரின் படகுக்கூலி பில்லை, ரசீது இல்லை என்று மூன்று முறை திருப்பி அனுப்பினேன். இணைத்துத்தான் கொடுத்தேன் ஐயா என்று என் மேசைக்கு எதிரே நின்று சொன்னார். மறு ஆண்டு கோப்புகளைக் கட்டிவைக்கும்போது, அந்த ரசீது வேறொரு பில்லின் பின்னால் துருப்பிடித்த குண்டூசியில் மாட்டிக் கிடந்தது. தொகை 46 ரூபாய். அதற்குள் அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்.

ரசீது கேட்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. கனடாவின் கியூபெக்கிலிருந்து பின்வாங்கியபோது தாள்கள் தொலைந்துபோனதாகச் சொன்ன அமெரிக்கத் தளபதி பெனடிக்ட் ஆர்னால்டிடம் கேள்வி கேட்டது முறைதான். அவர்தான் அரசுக்குச் சுமார் 1,000 பவுன் தர வேண்டும் என்று 1780இல் முடிவானது. அந்த மனக்குறை, பின்னால் அவர் பிரிட்டிஷார் பக்கம் சேர்ந்து செய்த துரோகத்துக்குச் சமாதானமாகாது. கிளார்க்கின் நிலை வேறு. தாள் அவர் கையை விட்டு அரசின் கைக்கு வந்துவிட்டது. அதைக் கட்டிக்காத்துத் தேடி எடுத்துக் கணக்கை முடிப்பது வாங்கிவைத்தவர்களின் வேலை. கணக்குத் துறையில் இருந்தவர்கள் இதைத்தான் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். செலவு செய்தவரின் நேர்மையை மட்டும் அளந்துவிட்டு, கணக்கு வாங்கியவரின் கவனக்குறைவைப் பேசாமல் விடுவது எனக்கு ஒப்பவில்லை.

இந்த வரிசையில் அடுத்த கட்டுரை வருமானால் கிளார்க்கைப் பற்றி எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். 1812இல் வர்ஜீனியா அவருக்கு ஒரு வாளும் ஆண்டுக்கு 400 டாலர் ஓய்வூதியமும் வழங்கியது. அப்போது அவர் பக்கவாதத்தால் முடங்கி, ஒரு காலையும் இழந்து, தங்கை வீட்டில் இருந்தார். 1818 பிப்ரவரியில் இறந்தார். கடனில் ஒரு பகுதியாக 30,000 டாலரை அரசு கொடுத்தது அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பிறகுதான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்குப் பிரிவு ஊழியர்,
மதுரை